பந்தய விமானம் எதனால் விழுகிறது? ரீனோ விபத்தின் வழியாக ஓர் எளிய விளக்கம்

2011 செப்டம்பர் 16 அன்று, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகருக்கு வடக்கே உள்ள ஸ்டெட் விமான நிலையத்தில் நடந்த பந்தயத்தின் மூன்றாவது சுற்றில், ‘கேலப்பிங் கோஸ்ட்’ என்ற பெயர் கொண்ட பி-51 மஸ்டாங் விமானம் திடீரென மூக்கைத் தூக்கி மேலே பாய்ந்தது. அடுத்த சில விநாடிகளில் அது தலைகுப்புறத் திரும்பிப் பார்வையாளர் பகுதியிலேயே விழுந்து நொறுங்கியது. விமானி ஜிம்மி லீவார்டும் தரையில் இருந்த 10 பேரும் இறந்தனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

அந்த விபத்தின் காட்சிகள் எத்தனை பேரைச் சென்றடைந்தனவோ, அத்தனை விதமான காரணங்களும் கூடவே பரவின. என்ஜின் கோளாறு என்றார்கள் சிலர். விமானிக்கு 74 வயது, அந்த வயதில் பந்தயம் எதற்கு என்றார்கள் வேறு சிலர். இரண்டாம் உலகப் போர்க்கால விமானம், இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்ற பேச்சும் எழுந்தது. விசாரணை அறிக்கை வெளிவந்த பிறகு, ‘ஒரு திருகாணி பதினொரு உயிர்களைக் குடித்தது’ என்று சுருக்கிச் சொல்லும் வழக்கம் வந்தது. முதல் மூன்றும் தவறு. நான்காவது உண்மைக்கு அருகில் இருப்பதாலேயே அதிகம் குழப்புகிறது. அந்த விமானத்தில் என்ன பழுதுபட்டது, அது எப்படிக் கண்டறியப்பட்டது என்பதைப் பொறியியல் படிக்காதவரும் பின்தொடரும் வகையில் சொல்ல முயல்கிறேன்.

## இந்தப் பந்தயம் எப்படி நடக்கிறது

ரீனோ பந்தயங்கள் 1964-இல் தொடங்கின. இவற்றில் ‘அன்லிமிடெட்’ என்ற பிரிவில் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிஸ்டன் என்ஜின் போர் விமானங்கள் பறந்தன. பாலைவனத்தில் நடப்பட்ட பைலன் என்னும் கம்பங்களைச் சுற்றி, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 13.5 கிலோமீட்டர் தூரத்தை, தரையிலிருந்து மிகக் குறைந்த உயரத்தில், ஒரே நேரத்தில் பல விமானங்கள் பறந்து கடக்க வேண்டும். விபத்து நிகழ்ந்த கணத்தில் கேலப்பிங் கோஸ்டின் வேகம் மணிக்குச் சுமார் 512 மைல், அதாவது 820 கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த எண்ணை விமானத்தின் பிறவிக் குணத்தோடு ஒப்பிட வேண்டும். போர்க்காலத்து பி-51டி ரக விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு 437 மைல். அதுவும் 25,000 அடி உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில். இரண்டு வேகங்களுக்கும் உள்ள வித்தியாசம் 75 மைல்தானே என்று தோன்றும். ஆனால் விமானத்தின் தகடுகளின்மேல் காற்று செலுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் காற்றின் அடர்த்திக்கு ஏற்பவும் கூடும். கடல் மட்டத்திலிருந்து ஐந்தாயிரம் அடி உயரத்தில் உள்ள ஸ்டெட்டில், காற்றின் அடர்த்தி 25,000 அடியில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், வடிவமைத்தவர்கள் கண்ட உச்ச வேகப் பறத்தலில் தாங்கியதைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விசையை அந்த விமானம் பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தாங்கிக்கொண்டிருந்தது. பழைய விமானம் என்பதைவிட, பழைய விமானத்திடம் புதிய வேலை கேட்கப்பட்டது என்பதே இங்கே முக்கியம்.

## என்ஜின் பழுதானால் என்ன ஆகும்?

விமான விபத்து என்றதும் எல்லோரும் முதலில் என்ஜினைத்தான் சந்தேகிக்கிறார்கள். பந்தய விமானங்களில் என்ஜின் அடிக்கடி பழுதாகும் என்பதும் உண்மைதான். மஸ்டாங்கில் உள்ள மெர்லின் என்ஜின், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் அதிகபட்சமாக 1,700 குதிரைத் திறன் அளவில் இயங்கியது. பந்தயக்காரர்கள் அதிலிருந்து 3,000-க்கும் மேல் பிழிந்தெடுக்கிறார்கள். சிலிண்டருக்குள் திணிக்கப்படும் காற்றின் அழுத்தம் போர்க்காலத்தில், அவசர வேளைகளுக்கு மட்டும், 67 அங்குலப் பாதரசம் வரை அனுமதிக்கப்பட்டது. பந்தயத்தில் அது 120 அங்குலத்தையும் தாண்டும். அந்த வெப்பத்தில் என்ஜின் உருகிவிடாமல் இருக்க நீரும் மெத்தனாலும் கலந்த கலவையைக் காற்றோடு சேர்த்துத் தெளிக்கிறார்கள். அப்படியும் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் முறிவதும், அது என்ஜின் கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருவதும், எண்ணெய் பீறிட்டுக் கண்ணாடியை மறைப்பதும் நடந்திருக்கின்றன.

ஆனாலும் இவற்றில் பெரும்பான்மையானவை உயிரிழப்பில் முடிவதில்லை. வேகம் என்பது சேமித்து வைத்த ஆற்றல். என்ஜின் நின்ற கணத்தில் விமானி ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பை வானொலியில் அறிவித்துவிட்டு விமானத்தை மேல்நோக்கி இழுப்பார். மணிக்கு 500 மைல் வேகத்தில் உள்ள விமானம் அந்த வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கிக்கொள்ள முடியும். காற்றின் தடையால் இழப்பதைக் கழித்தாலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடலாம். அங்கிருந்து பார்த்தால் ஓடுபாதை கீழேயே கிடக்கும். என்ஜின் இல்லாத விமானம் கல்லைப் போல விழுந்துவிடுவதில்லை. கட்டுப்பாடுகள் வேலை செய்யும் வரை அது சறுக்கிக்கொண்டு இறங்கும். கேலப்பிங் கோஸ்டில் போனது அந்தக் கட்டுப்பாடு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பந்தய வேகத்தில் காற்றின் விசை வடிவமைப்பாளர்கள் கண்ட உச்ச வேகப் பறத்தலில் இருந்ததைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. என்ஜின் பழுது அடிக்கடி நடந்தாலும் விமானியிடம் உயரமும் நேரமும் மிச்சம் இருக்கும். கட்டுப்பாட்டு உறுப்புகள் பழுதானால் அந்த இரண்டுமே இருக்காது.

## ஃபிளட்டர் என்றால் என்ன?

இந்த விபத்தின் மையத்தில் இருப்பது ஃபிளட்டர் என்னும் நிகழ்வு. காற்றில் வேகமாகச் செல்லும் ஒரு பொருள், அந்தக் காற்றிலிருந்தே ஆற்றலை எடுத்துத் தன்னைத்தானே மேலும் மேலும் பெரிதாக ஆட்டிக்கொள்வதுதான் ஃபிளட்டர். சாலையில் வண்டி குலுங்குவது வேறு; அங்கே பள்ளம் இருப்பதால் குலுக்கம் வருகிறது. ஃபிளட்டருக்குப் பள்ளம் தேவையில்லை. காற்று ஒரே சீராக வீசினாலே போதும்.

மொட்டை மாடியில் இரு கொடிக்கயிறுகளுக்கு நடுவே, நான்கு மூலையிலும் கிளிப் போட்டு விரித்துக் காயவைத்த வேட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். மெல்லிய காற்றில் அது சற்றே அசைந்து அடங்கிவிடும். காற்று கொஞ்சம் கொஞ்சமாக வலுத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் வேட்டி சட்டென்று படபடவென அடித்துக்கொள்ளத் தொடங்கும். பிறகு அது அடங்குவதே இல்லை. காற்று விட்டுவிட்டு வீசியதால் அது ஆடவில்லை. சீரான காற்றின் வேகம் ஓர் எல்லையைக் கடந்ததால்தான் ஆட்டம் பிறந்தது. இப்போது வேட்டியை நன்றாக இழுத்துக் கிளிப்பை இறுக்கினால், அதே காற்றில் படபடப்பு நின்றுவிடும். ஒரு மூலையில் கிளிப் தளர்ந்தாலோ, முன்பு ஒன்றும் செய்யாத காற்றே இப்போது அதை அடித்துக் கிழிக்கும்.

இதே மூன்று அம்சங்கள்தாம் விமானத்திலும் இருக்கின்றன. முதலாவது, தகட்டின் எடையும் அந்த எடை எங்கே இருக்கிறது என்பதும். இரண்டாவது, விறைப்பு, ஒரு தகட்டை அதன் இடத்திலிருந்து அசைக்க எவ்வளவு விசை தேவை என்பதே விறைப்பு. மூன்றாவது, காற்றின் விசை. தகடு சற்று விலகினால், விறைப்பு அதைப் பழைய இடத்துக்கு இழுக்கும். எடை காரணமாக அது அந்த இடத்தில் நிற்காமல் மறுபக்கம் தாண்டிப் போகும். குறைந்த வேகத்தில், காற்று இந்த அசைவை எதிர்த்து ஆட்டத்தை அடக்கிவிடுகிறது. இதற்குத் தணிப்பு என்று பெயர். வேகம் கூடக் கூட, காற்றின் விசைக்கும் தகட்டின் அசைவுக்கும் இடையே உள்ள கால ஒழுங்கு மாறுகிறது. ஓர் எல்லையில், தகடு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே காற்றும் தள்ளத் தொடங்குகிறது. அதன் பிறகு ஒவ்வோர் அசைவும் முந்தையதைவிடப் பெரியது. விநாடிக்குப் பல முறை நடக்கும் இந்த ஆட்டத்தில், கண் இமைக்கும் நேரத்தில் உலோகம் முறிந்துவிடும்.

இயற்பியல் வகுப்புகளில் ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாக, 1940-இல் அமெரிக்காவில் இடிந்து விழுந்த டகோமா நேரோஸ் பாலத்தை இன்னமும் சொல்லித்தருகிறார்கள். அதுவும் உண்மையில் ஃபிளட்டர் வகைதான். வெளியிலிருந்து ஒருவர் தாளம் தவறாமல் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒத்ததிர்வு. ஃபிளட்டரில் தாளத்தைப் பொருளே உண்டாக்கிக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், ‘எதனால் அதிர்ந்தது?’ என்று தேடிக்கொண்டே இருப்போம். கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த வேகத்தில் அடங்காமல் போனது, அந்த எல்லை ஏன் கீழிறங்கியது?’ என்பதே.

## வாலில் உள்ள சிறு தகடு

விமானத்தின் வாலில் கிடைமட்டமாக இருக்கும் சிறகின் பின்விளிம்பில், கீலில் அசையும் தகடு ஒன்று உண்டு. அதன் பெயர் எலிவேட்டர்; விமானத்தின் மூக்கை மேலும் கீழும் திருப்புவது அதுதான். அந்த எலிவேட்டரின் பின்விளிம்பிலும் இன்னொரு சிறிய தகடு இருக்கிறது. அதுவே ட்ரிம் டேப். விமானி கட்டுப்பாட்டுத் தண்டைக் கையால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கத் தேவையில்லாமல், எலிவேட்டரை வேண்டிய நிலையில் வைத்திருக்க அது உதவுகிறது. சிறிய தகடு ஒரு பக்கம் திரும்பினால், காற்று பெரிய தகட்டை எதிர்ப்பக்கம் தள்ளும்.

மஸ்டாங்கில் வேகம் கூடும்போது மூக்கு தானாக மேலே எழப் பார்க்கும். பந்தய வேகத்தில் அந்த உந்துதல் மிகப் பெரியது. அதை அடக்கி மூக்கைக் கீழே பிடித்து வைத்திருந்தது, அந்தச் சிறிய ட்ரிம் டேப்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த விமானத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு டேப்கள் அசையும். கேலப்பிங் கோஸ்டில் வலப்பக்க டேப்பை அசையாதபடி நிலையாகப் பொருத்தியிருந்தார்கள். ஆகவே முழு வேலையும் இடப்பக்க டேப்பின் மேலும், அதை இயக்கும் ஒரே இணைப்புத் தண்டின் மேலும் விழுந்தது.

இது மட்டுமல்ல. இறக்கைகள் குறுக்கப்பட்டிருந்தன. மஸ்டாங்கின் வயிற்றில் துருத்திக்கொண்டிருக்கும் ரேடியேட்டர் கூண்டு எடுக்கப்பட்டு, நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி என்ஜினைக் குளிர்விக்கும் முறை வைக்கப்பட்டிருந்தது. எலிவேட்டரைச் சமநிலையில் வைக்கும் எதிர் எடைகளும் கூட்டப்பட்டிருந்தன. 1940-களில் கிளீவ்லாந்து பந்தயங்களிலேயே பறந்த அந்த விமானம், 2011-இல் பெயரளவில் ஒரு மஸ்டாங். நடத்தையில் வேறொரு விமானம்.

## நட்டுக்குள் இருந்த வளையம்

ட்ரிம் டேப்பை எலிவேட்டரோடு பிணைக்கும் கீல்கள் சிறு திருகாணிகளாலும் லாக் நட்டுகளாலும் இறுக்கப்பட்டிருக்கும். சாதாரண நட் அதிர்வில் கழன்றுவிடும் என்பது மிதிவண்டி வைத்திருப்பவர்களுக்குக்கூடத் தெரியும். லாக் நட்டின் உள்ளே, மறைக்கு மேலே, நார்ப்பொருளால் ஆன மெல்லிய வளையம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். திருகாணியின் மறை அந்த வளையத்தை அறுத்துக்கொண்டு நுழைவதால் வளையம் இறுகப் பற்றிக்கொள்கிறது; அந்தப் பிடிதான் நட்டைக் கழலாமல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் வளையம் சற்றுத் தேயும். ஆண்டுகள் போனால் நார் காய்ந்து சுருங்கும். விமானப் பட்டறைகளில் இதற்கு எளிய விதி உண்டு: லாக் நட்டைக் கருவியில்லாமல் விரலாலேயே அடிவரை சுற்ற முடிந்தால், அதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும்.

கேலப்பிங் கோஸ்டின் ட்ரிம் டேப்பில் இருந்த லாக் நட்டுகளின் வளையங்கள் சிதைந்திருந்தன. பிடி தளர்ந்ததால் திருகாணிகள் மெல்லத் தளர்ந்தன. தளர்ந்த கீலில், பட்டறைக்காரர்கள் ‘ப்ளே’ என்று சொல்லும் ஆட்டம் உண்டாகும். ப்ளே இருக்கும் இடத்தில் விறைப்பு இருக்காது. வேட்டியின் மூலையில் கிளிப் தளர்ந்த நிலை இதுதான்.

தளர்ந்த திருகாணிகளில் ஒன்றில், விபத்துப் பறத்தலுக்கு முன்பே உலோகச் சோர்வு விரிசல் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு முறை கொடுத்தால் உடைக்க முடியாத விசையை, ஆயிரக்கணக்கான முறை மாறி மாறிக் கொடுக்கும்போது உலோகத்தில் நுண்ணிய பிளவு தோன்றி வளர்வதையே உலோகச் சோர்வு என்கிறோம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பது இதன் அவசரப் பதிப்பு.

இங்கே நின்று ஒரு முறை கோத்துப் பார்க்கலாம். நட்டின் வளையம் சிதைந்தது, திருகாணி தளர்ந்தது, கீலின் விறைப்பு குறைந்தது, விறைப்பு குறைந்ததால் ஃபிளட்டர் தொடங்கும் வேக எல்லை கீழே இறங்கியது. அந்த எல்லை பந்தய வேகத்துக்கும் கீழே வந்த நாளில் விபத்து நேர்ந்தது.

## அடுத்த ஒரு விநாடி

டேப்கள் படபடக்கத் தொடங்கியதும் இடப்பக்க டேப்பை இயக்கிய இணைப்புத் தண்டு முறிந்தது. மூக்கைக் கீழே பிடித்திருந்த ஒரே கை விடுபட்டது போலாயிற்று. விமானம் முதலில் இடப்பக்கமாகக் கடுமையாகச் சாய்ந்தது. எலிவேட்டர் அசைய, மூக்கு மேலே எகிறியது.

அந்த எகிறலில் உண்டான சுமையை ‘ஜி’ என்ற அளவால் சொல்வார்கள். நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது உணரும் நம் சொந்த எடை 1 ஜி. ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் அந்த விமானத்தில் சுமை 9 ஜியைக் கடந்தது, உச்சத்தில் 17.3 ஜி பதிவாயிற்று. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கணத்தில் 1,200 கிலோ எடையை உணர்ந்திருப்பார். இரத்தம் தலையிலிருந்து கீழே இறங்கிவிடும். இதயத்தால் அதை மூளைக்கு ஏற்ற முடியாது. பயிற்சி பெற்ற போர் விமானிகள், கால்களை இறுக்கும் ‘ஜி உடை’ என்ற சிறப்பு உடை அணிந்து, தசைகளை முறுக்கி மூச்சுப் பிடித்து, 9 ஜி வரை தாக்குப்பிடிப்பார்கள். அதற்கும்கூட, வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 17 ஜியை எதிர்பாராமல் சந்திப்பவர் எந்த வயதினராக இருந்தாலும் செயலிழந்துவிடுவார். எனவே 74 வயது என்ற பேச்சுக்கு இந்த விபத்தின் இயந்திரவியலில் இடமே இல்லை.

## எப்படிக் கண்டுபிடித்தார்கள்

அமெரிக்காவில் விமான விபத்துகளை ஆராயும் அமைப்பு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். பயணிகள் விமானங்களில் இருக்கும் கறுப்புப் பெட்டி இந்த விமானத்தில் இல்லை. சிதைவுகளும் மிகச் சிறு துண்டுகளாகிப் போயிருந்தன. வேறு எந்த விபத்தாக இருந்தாலும் இது விசாரணைக்குப் பெரிய முட்டுக்கட்டை. ஆனால் பந்தயம் என்பது ஆயிரக்கணக்கான கேமராக்களுக்கு நடுவே நடக்கும் பறத்தல். விபத்துக்குள்ளாகும் விமானத்தை அது பழுதாகிக்கொண்டிருக்கும் அதே விநாடியில், பல கோணங்களில் தெளிவாக எடுத்த படங்கள் கிடைப்பது மிக அரிது. இங்கே அவை குவிந்து கிடந்தன.

அந்தப் படங்களில் இடப்பக்க ட்ரிம் டேப்பின் ஒரு பகுதி பிய்ந்துபோயிருந்தது தெரிந்தது. உள்ளே மடங்கியிருக்க வேண்டிய வால் சக்கரம் வெளியே தொங்கியது. அது சாதாரண விவரம் போலத் தோன்றினாலும், சக்கரத்தைப் பூட்டி வைத்திருந்த அமைப்பால் தாங்க முடியாத ஜி சுமை வந்ததற்கு அது சாட்சி. விமானி அறையின் கண்ணாடி வழியே விமானியின் தலை தெரியவில்லை. அவர் இருக்கையில் சரிந்துவிட்டிருந்தார். அதாவது, விமானம் விழும்போது அதை யாரும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. கூட்டத்தைத் தவிர்க்க அவர் கடைசி வரை போராடினார் என்று அன்று பலர் சொன்னது மனிதாபிமானத்தில் பிறந்த கதை. படங்கள் அதை ஆதரிக்கவில்லை.

இன்னொரு நல்வாய்ப்பும் இருந்தது. பந்தயக் குழு, என்ஜின் முதலியவற்றின் அளவீடுகளைப் பறக்கும்போதே வானொலி வழியாகத் தரைக்கு அனுப்பும் டெலிமெட்ரி கருவியை விமானத்தில் பொருத்தியிருந்தது. வெற்றிக்காக வைத்த கருவி விசாரணைக்கு உதவியது, 17.3 ஜி என்ற எண் அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு ஆய்வகம். உடைந்த உலோகத்தின் முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், அது எப்படி உடைந்தது என்று அடையாளம் காணலாம். ஒரே அடியில் உடைந்த உலோகம் கரடுமுரடாக இருக்கும். சோர்வால் உடைந்ததில், விரிசல் தொடங்கிய புள்ளியைச் சுற்றி, அது கட்டம் கட்டமாக முன்னேறிய கோடுகள் தெரியும். தரையில் மோதியதால் உடைந்தவை எவை, அதற்கு முன்பே உடையத் தொடங்கியவை எவை என்று நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பிரிப்பது இப்படித்தான். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். வாரியம் தன் முடிவை அறிவித்தது 2012 ஆகஸ்ட் 27 அன்று, ஏறத்தாழ பதினொரு மாதங்கள் கழித்து. முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதியவர்கள் அதற்குள் விபத்தையே மறந்துவிட்டிருந்தார்கள்.

## ‘காரணம்’ என்று எதைச் சொன்னார்கள்

வாரியத்தின் அறிக்கைகள் ‘நிகழத்தக்க காரணம்’ என்ற ஒரு முடிவைத் தருகின்றன. கிடைத்த சான்றுகளின்படி விபத்தை உண்டாக்கியிருக்கக்கூடியது எது என்பதே அதன் பொருள். யார் குற்றவாளி என்பதை அது சொல்வதில்லை. அமெரிக்கச் சட்டப்படி அந்த அறிக்கையை நட்ட ஈட்டு வழக்குகளில் சான்றாகவே ஏற்க முடியாது. பயப்படாமல் உண்மையைச் சொல்லும் சாட்சிகள் வேண்டும் என்றால் இந்தப் பிரிவினை அவசியம்.

இந்த விபத்தில் வாரியம் குறிப்பிட்ட காரணம், ட்ரிம் டேப் அமைப்பின் விறைப்பு குறைந்து பந்தய வேகத்தில் ஃபிளட்டர் ஏற்பட இடம் தந்தது. விறைப்புக் குறைவுக்குச் சிதைந்த லாக் நட் வளையங்கள் காரணம் என்று அடுத்து வருகிறது. பிறகு துணைக் காரணங்களாக, விமானத்தில் செய்யப்பட்ட பெரிய மாற்றங்கள் ஆவணப்படுத்தப்படவும் இல்லை, சோதிக்கப்படவும் இல்லை என்பதும், போதிய சோதனைப் பறத்தல் இல்லாமல் பந்தயச் சூழலில் விமானம் ஓட்டப்பட்டது என்பதும் சொல்லப்பட்டன.

‘ஒரு திருகாணி’ என்ற சுருக்கத்தில் எது விடுபடுகிறது என்பது இப்போது தெரியும். அதே தளர்ந்த திருகாணியோடு அந்த விமானம் மணிக்கு 300 மைல் வேகத்தில் கண்காட்சிகளில் பறந்திருந்தால், ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். நல்ல நட்டுகள் போட்டிருந்தாலும், ஒரே டேப்பை நம்பியிருந்த அந்த அமைப்பு பந்தய வேகத்தில் ஃபிளட்டர் எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. என் பார்வையில் அறிக்கையின் மிகக் கனமான பகுதி அந்தத் துணைக் காரணங்கள்தாம். நட்டை மாற்ற ஐந்து நிமிடம் போதும். அளக்காத எல்லையை நோக்கி முழு வேகத்தில் போகும் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

## முன்பே வந்துபோன எச்சரிக்கை

இது முதல் முறையும் அல்ல. 1998-இல் அதே ரீனோ பந்தயத்தில், ‘வூடூ’ என்ற இன்னொரு மஸ்டாங் பறக்கும்போதே ட்ரிம் டேப்பை இழந்தது. மூக்கு அதே போல் மேலே எகிறியது. சுமை 10 ஜி அளவுக்குப் போனது. விமானி பாப் ஹன்னா நினைவிழந்தார். ஆனால் அந்த விமானம் நேராக மேலே ஏறியது. அவருக்கு நினைவு திரும்பியபோது விமானம் ஏறத்தாழ 9,000 அடியில் இருந்தது. பத்திரமாகத் தரையிறக்கினார்.

பொறியியல் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே நிகழ்வு. விமானம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதில் மட்டுமே வேறுபாடு. முதலாவதில் யாரும் சாகாததால் அது ஒரு வீரக்கதையாகி, சொல்லிச் சொல்லி மெருகேறியது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும், பந்தய மஸ்டாங்குகளின் ட்ரிம் டேப் எந்த வேகம் வரை தாங்கும் என்பதைக் கட்டாயமாகச் சோதித்துக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. தப்பிப் பிழைத்த விபத்துகளை விசாரணைத் துறையினர் ஏன் இவ்வளவு மதிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு விமானங்களைத்தான்: ஒரே பழுது, ஒன்றில் கேள்வி கேட்க விமானி உயிரோடு இருந்தார்.

## எப்படிச் சோதிப்பார்கள், என்ன பரிந்துரைத்தார்கள்

ஃபிளட்டர் எல்லையைக் கண்டறிய விமானத்தை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. முதலில் தரையிலேயே ட்ரிம் டேப்பின் பின்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, ப்ளே எவ்வளவு என்று அளவுமானியால் அளப்பார்கள். பிறகு பாதுகாப்பான உயரத்தில், வேகத்தைச் சிறு சிறு படிகளாகக் கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் விமானி கட்டுப்பாட்டுத் தண்டை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். தகட்டில் உண்டாகும் நடுக்கம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கருவி பதிவு செய்யும். வேகம் கூடக் கூட அது அடங்க அதிக நேரம் எடுத்துக்கொண்டால், தணிப்பு குறைகிறது, எல்லை நெருங்குகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பயணிகள் விமானங்களில் இந்தச் சோதனையை ஒரு ரகத்துக்கு ஒரு முறை செய்தால், அதே வடிவில் உருவாகும் ஆயிரம் விமானங்களுக்கும் அது பொருந்தும். பந்தய விமானம் ஒவ்வொன்றும் தனக்கென்று தனியாக வெட்டி ஒட்டப்பட்டது. ஒன்றின் சோதனை இன்னொன்றுக்கு உதவாது. செலவும் உழைப்பும் ஒவ்வோர் உரிமையாளருடைய தலையிலும் தனித்தனியாக விழும். பலர் இதைத் தவிர்ப்பதன் காரணம் அதுவே.

இறுதி முடிவு வருவதற்கு முன்பே, 2012 ஏப்ரலில், வாரியம் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. மாற்றியமைக்கப்பட்ட விமானங்கள் பந்தயத்தில் கலந்துகொள்ளும் முன் பொறியியல் மதிப்பீடு செய்யப்பட்டு, பந்தய வேகத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது முதன்மையானது. விமானிகளுக்கு ஜி சுமையைத் தாங்கும் பயிற்சி தருவது, ஜி உடை அணிவது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஆராய்வது, பந்தயப் பாதையின் வடிவையும் பார்வையாளர்களுக்கு இருக்க வேண்டிய இடைவெளியையும் மறு ஆய்வு செய்வது ஆகியவையும் இருந்தன. பலரும் கவனிக்காத ஒன்று, பந்தயத் திடலில் எரிபொருள் லாரிகள் நிறுத்தப்படும் இடம் பற்றியது. பார்வையாளர் பகுதிக்கு அருகே அவை இருந்தால், விழும் விமானத்தின் சிதறல் பட்டு இரண்டாவது பேரழிவு நேரலாம் என்பதை வாரியம் சுட்டிக்காட்டியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ரீனோவில் பந்தயம் மீண்டும் நடந்தது. 2023 வரை அங்கேயே தொடர்ந்து, பிறகு நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல்லுக்கு இடம் மாறியது.